சேலத்தில் இருந்துகொண்டு ராக் மேடையைப் படம் எடுக்க முடியுமா? கேள்வி பதில்

ராக் கச்சேரியும் (கிதாரும் டிரம்ஸும் முழங்கும் மேற்கத்திய இசை) நம்மூர் இன்னிசைக் கச்சேரியும் படம் எடுப்பது என் தொழில். இருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸ். இந்தத் தொழிலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, சேலத்தில் ராக் கச்சேரியே நடப்பதில்லை. பெங்களூருக்குக் குடிபோனால்தான் உண்டா? (கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை)

வேண்டாம் தம்பி. பெங்களூருக்கு வேலை வரும்போது ரயில் ஏறிக்கொள்ளலாம். கைப்பழக்கம் வருவதற்கு ஆடி மாதத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அம்மன் பண்டிகை வந்தால் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று மேடை போடுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்கு, புகை, ஓரிடத்தில் நிற்காத பாடகர், இருட்டில் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் என்று ராக் மேடையில் இருக்கும் எல்லாச் சிக்கலும் அங்கேயும் உண்டு. குழு நடத்துகிறவரிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு நில். மறுநாளே நல்ல படங்களாகப் பொறுக்கி அனுப்பிவிடு. அடுத்த கச்சேரிக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.

1967 ஜூனில் அமெரிக்காவின் மான்டரே இசை விழாவில் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையிலேயே கிதாருக்குத் தீ வைத்தார். அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்த எட் கராஃப் அப்போது 17 வயதுப் பள்ளி மாணவர். அதனால் வயதையும் ஊரையும் நினைத்துத் தயங்காதே.

50 எம்எம் 1.8 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. முகமெல்லாம் சிவப்பாக, கலங்கலாக வருகிறது. சில படங்களில் பட்டை பட்டையாகக் கோடு. (செவ்வாய்ப்பேட்டை)

அந்த லென்ஸ் தாராளமாகப் போதும். மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/250 நொடி, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 3200 வைத்து ஆரம்பியுங்கள். குதிக்கிற பாடகர் என்றால் 1/500. புள்ளி புள்ளியாக வருகிறதே என்று ஐஎஸ்ஓவைக் குறைக்காதீர்கள். புள்ளியைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் இருட்டு அதிகம் என்பதால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைத்துவிடும். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தை மட்டும் அளவெடுங்கள்.

சிவப்பு எல்இடி விளக்கு அடித்தால் படத்தில் சிவப்பு மட்டும் நிரம்பி மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். கொஞ்சம் இருட்டாக எடுங்கள், இல்லையென்றால் விளக்கு மாறும்வரை காத்திருங்கள். கோடு விழுவதற்குக் காரணம், எல்இடி நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதுதான். கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு, திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தையும் குறைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நாள் பிடிப்பது பாட்டைக் கேட்டுப் பழகுவதுதான். மைக் வாயை ஒட்டி இருக்கும்வரை பாடகருக்கு முகமே இல்லை. வரி முடிந்து மூச்சு இழுக்க மைக்கைத் தள்ளுவார் பாருங்கள், அந்த அரை நொடியில்தான் முகம் கிடைக்கும். டிரம்ஸ்காரர் பல்லவிக்குத் திரும்பும் முன் கையைத் தலைக்கு மேல் தூக்குவார். எந்த இடத்தில் தூக்குவார் என்பது பாட்டு மனப்பாடம் ஆனவருக்குத்தான் தெரியும். படம் எடுக்கப் போகும் முன் அந்தக் குழுவின் பாட்டுகளை ஒரு வாரமாவது கேளுங்கள்.

ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா மேடையை எடுக்க ஆசை. பனியில் கேமரா தாங்குமா?

பனியால் பெரிய தொந்தரவு இல்லை. வெளியே குளிரில் நின்றுவிட்டு, ஆள் நிறைந்த அரங்குக்குள் நுழைந்ததும் லென்ஸ் வியர்த்துவிடும், அதுதான் தொந்தரவு. பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளேயே வைத்திருங்கள். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும்.

பெரிய கச்சேரிகளில் மூன்று பாட்டுக்கு மேல் எடுக்க விடமாட்டார்களாமே?

ஆமாம். முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதனால் குழுவோடு பழகுங்கள் என்கிறேன். 1979இல் நியூயார்க்கில் தி கிளாஷ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பால் சைமனன் பேஸ் கிதாரைத் தரையில் ஓங்கி உடைத்ததைப் புகைப்படக்காரர் பென்னி ஸ்மித் எடுத்தார் என்றால், குழுவோடு கூடவே பயணித்து மேடை ஓரத்தில் நின்றிருந்ததால்தான். ஃபோகஸ் சரியில்லை என்று அவரே அந்தப் படத்தை வேண்டாம் என்றார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் விடவில்லை, அது ஆல்பத்தின் அட்டைக்குப் போனது. கலங்கிய படத்தையும் உடனே அழித்துவிடாதீர்கள்.

என் மகன் வேலையை விட்டுவிட்டு இதற்கே போகிறேன் என்கிறான். சோறு போடுமா சார்? (அழகாபுரம்)

அம்மா, ராக் கச்சேரி மட்டும் போடாது. கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா எல்லாம் சேர்த்துத்தான் எங்கள் வீட்டிலும் உலை கொதிக்கிறது. வேலையில் இருந்தபடியே சனி, ஞாயிறு எடுக்கட்டும். மாதா மாதம் ஏதாவது நிலையாக வர ஆரம்பித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு குழு பணம் கொடுத்து எடுக்கச் சொல்லி, எல்லா ஃபைலையும் கேட்கிறது. படம் யாருக்குச் சொந்தம்? (ஐந்து ரோடு)

இந்தக் கேள்வியை எல்லோரும் முதலிலேயே கேட்க வேண்டும். நீங்களாகப் போய் எடுத்தால் படம் உங்களுடையது. ஆனால் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே சொந்தம். சம்பளத்துக்கு வேலை பார்த்தால் முதலாளிக்கு. எனவே முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: காப்புரிமை எனக்கு, விளம்பரத்துக்கும் இணையத்துக்கும் குழு பயன்படுத்தலாம், டி-ஷர்ட் அடித்து விற்றால் தனிக்காசு. ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த, திருத்தாத மூல ஃபைல்) கொடுக்காதீர்கள்.

ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழ் 1967இல் தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் புகைப்படக்காரர் பாரன் வோல்மன் சம்பளம் வேண்டாம், படங்களின் உரிமை என்னிடமே இருக்கட்டும் என்றார். பிற்காலத்தில் அந்தப் படங்கள் அவரைக் காப்பாற்றின. இன்று சின்ன மேடையில் பாடும் பையன் நாளைக்கு யார் ஆவான் என்று யாருக்குத் தெரியும்? நம் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கும் போகிற சொத்து. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிறோமே, காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

போதாது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மேடை ஓரத்தில் அதற்கும் மேலேயே போகும். அழுத்தி உருட்டிச் செருகும் ஃபோம் இயர்பிளக்கை வாங்கி, ஒரு ஜோடியைக் கேமரா பையிலேயே எப்போதும் போட்டுவையுங்கள். கச்சேரிக்கு மறுநாளும் காதில் கொய்யென்று கேட்டுக்கொண்டிருந்தால் காது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.