பெரிய மடிக்கணினியின் திரைக் கீல் தளர்ந்துவிட்டால் திருகாணியை இறுக்கினால் போதுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு அறிகுறிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். தட்டச்சு செய்யும்போது 17.3 அங்குலத் திரை முன்னும் பின்னும் ஆடுகிறது. திறக்கும்போது இடப்பக்க மூலையில் ‘கிரீச்’ என்று சத்தம் வருகிறது. முதலாவது மட்டும் இருந்திருந்தால், திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டாவதும் சேர்ந்திருப்பதால், இன்றிலிருந்து அந்தத் திரையைத் திறப்பதையும் மூடுவதையும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். திறந்த நிலையிலேயே மேசையில் வைத்து, முதலில் உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் சொந்த அனுபவம்தான். கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அச்சகத்துக்காகத் திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழா மலர்களும் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன். எதிரெதிர் பக்கங்களை ஒருசேரப் பார்க்க வேண்டியிருப்பதால் பெரிய திரையே எனக்கு வசதி. முதல் கணினியின் வலப்பக்கக் கீல் சத்தமிடத் தொடங்கியபோது, எண்ணெய் வற்றியிருக்கும் என்று நினைத்து மூன்று வாரம் அப்படியே பயன்படுத்தினேன். ஒரு நாள் காலை திரையைத் தூக்கியபோது விசைப்பலகைக்குப் பக்கத்தில் மேலோடு வாய் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு சிறு பித்தளை உருளை தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் துணுக்கோடு மேசையில் விழுந்தது. வேரோடு விழுந்த பல்லைப் போல இருந்தது அது. கோளாறு கீலில் இல்லை, கீலைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்கில்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கணினியை நீங்களே சோதிக்கலாம். திரை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்பதற்குக் காரணம் உராய்வு. ஒரு வகைக் கீலில், எஃகுத் தண்டின்மீது மெல்லிய வாஷர்களை அடுக்கி, முனையில் ஒரு நட்டால் அழுத்தியிருப்பார்கள். இன்னொரு வகையில், ஒரு எஃகுப் பட்டை தண்டைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். இந்தக் கீலின் கால்களைக் கணினியின் அடிப்பாகத்தோடு இணைப்பவை சிறு திருகாணிகள். அவை நேராகப் பிளாஸ்டிக்கில் ஏறுவதில்லை. சூடாக்கிப் பிளாஸ்டிக்கினுள் அமுக்கப்பட்ட பித்தளை உருளைகளில் ஏறுகின்றன. தண்டில் இருக்கும் மசகு காய்ந்து கீல் விறைத்துப்போனால், நீங்கள் திரையைத் தூக்கும் விசை முழுவதும் அந்த உருளைகளை மேல்நோக்கிப் பிடுங்குகிறது. எஃகு அசைந்து கொடுக்காது, பிளாஸ்டிக்தான் விட்டுக்கொடுக்கும். தொய்ந்த கீலைவிட விறைத்த கீலுக்கே நான் அதிகம் பயப்படுகிறேன்.

பெரிய கணினிகளில் இது கூடுதலாக நிகழ்வதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 15.6 அங்குலத் திரையின் உயரம் சுமார் 19.4 செண்டிமீட்டர், 17.3 அங்குலத் திரையின் உயரம் சுமார் 21.5 செண்டிமீட்டர். இரண்டு செண்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அகலமும் சேர்ந்து கூடுவதால் பரப்பும், ஏறக்குறைய அதே அளவில் எடையும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகின்றன. அந்த எடையின் மையமும் கீலிலிருந்து இன்னும் தள்ளிப்போகிறது. இரண்டையும் பெருக்கினால், கீல் தாங்க வேண்டிய முறுக்கு விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் பெரும் பாரம் ஒரே கீலின்மீது விழும். இடக்கையில் தேநீர்க் குவளையோடு வலக்கையால் திறப்பது என் வழக்கம். எனக்கு உடைந்ததும் வலப்பக்கம்தான்.

இனி உங்கள் சோதனை. திரையை அசைக்காமல், கைப்பேசி விளக்கை இடப்பக்க மூலையின் ஓரத்தில் பிடித்து, மேலோடும் அடி ஓடும் சேரும் கோட்டைப் பாருங்கள். வலப்பக்கத்தில் மயிரிழையாக இருக்கும் அந்தக் கோடு இடப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தால், உருளை பெயர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கோடு ஒட்டியே இருந்து திரை மட்டும் ஆடினால், திருகாணி தளர்ந்திருக்கக்கூடும். எந்தச் சத்தமும் ஆட்டமும் இல்லாமல் திரை தானாகவே மெல்லச் சாய்ந்தால், உராய்வு தேய்ந்திருக்கிறது. நட்டு வைத்த கீலாக இருந்தால் நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே சரியாகலாம். பட்டை வகையாக இருந்தால் கீலையே மாற்றுவதுதான் வழி. தொய்ந்த கீலுக்கு மட்டும் எண்ணெய் விடாதீர்கள், மிஞ்சியிருக்கும் உராய்வும் போய்விடும்.

திருகாணி மட்டும் தளர்ந்திருந்தால் வேலை சிறியது. கணினியை அணைத்து, அடி ஓட்டைக் கழற்றியவுடன் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைப் பயன்படுத்துங்கள். பொருந்தாத முனை ஒரே திருப்பில் தலையை மழுக்கிவிடும். மீண்டும் தளராமலிருக்க நீல நிறத் திருகாணிப் பசை தடவச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். அந்தப் பசை உலோகத்துக்கு உரியது. கணினி ஓடுகள் செய்யப்படும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசலை உண்டாக்கக்கூடும். திருகாணியின் மறையில் (சுருள் வரிகளில்) ஊசிமுனை அளவுக்கு மேல் வைக்காதீர்கள். கைப்பழக்கம் இல்லையென்றால் தவிர்த்துவிடுவதே நல்லது.

உருளை பெயர்ந்திருந்தால் விஷயம் வேறு. முதல் முறை நான் கொடுத்த கடையில் சூப்பர் குளூ வைத்து ஒட்டி 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். ஆறு வாரத்தில் மீண்டும் பிளந்தது. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மை கொண்டது. நாளுக்குப் பத்து முறை பிடுங்கும் விசையை அது தாங்காது. இரண்டாம் முறை நானே உட்கார்ந்து செய்தேன். உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, இரு குழாய் எபோக்ஸிப் பசையில் மெதுவாக இறுகும் வகையைக் கலந்து, உருளையைச் சுற்றி மேடு கட்டினேன். மறைக்குள் பசை போகாமலிருக்க, சிறிது மசகு தடவிய திருகாணியை உருளையில் ஏற்றியே வைத்திருந்தேன். ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன். மிக முக்கியமாக, மீண்டும் பூட்டுவதற்கு முன், கழற்றி எடுத்த கீலைத் தனியாகப் பிடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விறைப்புக் குறையும்வரை பலமுறை அசைத்தேன். இதைச் செய்யாமல் விட்டால் எவ்வளவு நல்ல பசையும் ஒரு நாள் பெயரும். அந்த ஒட்டு மூன்று ஆண்டு தாங்கியது. கீலின் ஓரமாகத் திரைக்கு ஒரு மெல்லிய கேபிள் போகிறது; திரையை அசைக்கும்போது படம் மினுங்கினால் அதுவும் நசுங்கியிருக்கிறது என்று பொருள், கடைக்காரரிடம் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோலாலம்பூரில் புதுக் கீல் தேடுவதானால் புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவில் விசாரிக்கலாம். கணினியின் அடிப்பக்கச் சீட்டில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். தொடுதிரை உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் கீல் வேறுபடக்கூடும் என்பதையும் நினைவில் வைத்து, இடம் வலம் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிதும் மற்றொன்று பழையதுமாக இருந்தால் திரை முறுக்கிக்கொள்ளும்.

உங்கள் கணினிக்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்கிறீர்கள். உத்தரவாத அட்டையைக் காட்டினால் ‘பயன்படுத்தியவர் உடைத்தது’ என்று சொல்லி மறுக்கக்கூடும், அதோடு திரும்பிவிடாதீர்கள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, அது எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளிதான். விழுந்த தடமோ இடிபட்ட தடமோ ஓட்டில் இல்லை என்பதுதான் அங்கே உங்கள் கைவசம் இருக்கும் சான்று. அதனால் யாரிடமும் கழற்றக் கொடுப்பதற்கு முன், வாங்கிய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, விரிந்த மூலையையும் நான்கு பக்கத்து ஓரங்களையும் பகல் வெளிச்சத்தில் இன்றே படம் எடுத்துவிடுங்கள்.