கண்மாய்ப் படத்தை மொத்தமாக எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மேலூருக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 41. திருமண வீடியோ எடுப்பதும், தொண்டு நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் சிறு படங்கள் எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். ஆண்டு வரவு 9.5 லட்சம் ரூபாய். உதவியாளர் சம்பளம், ஆல்பம், பயணம் எல்லாம் போக 5.6 லட்சம் நிற்கும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் மாதம் 14,000. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுச் செலவு மாதம் 38,000. நான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர்க் கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்து வருகிறேன். இதுவரை 7.4 லட்சம் செலவாகியிருக்கிறது. அதில் 3 லட்சம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் 8 பவுனை ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்து வாங்கியது. 1.2 லட்சம் கிரெடிட் கார்டில் நிற்கிறது. மீதி என் சேமிப்பு. கலர் கிரேடிங், சவுண்ட் மிக்ஸிங், சப்டைட்டில் ஆகியவற்றுக்கு இன்னும் 2.6 லட்சம் வேண்டும். இணையத் தளங்களுக்குப் படம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, முழு உரிமையையும், எடுத்த காட்சிகள் அனைத்தையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால் 5 லட்சம் தருவதாகச் சொல்கிறது. கையெழுத்தின்போது 1 லட்சம், படத்தை ஒப்படைக்கும்போது 1.5 லட்சம், வெளியீட்டுக்குப் பிறகு 2.5 லட்சம். ஒத்துக்கொள்ளலாமா? அல்லது ஒத்தக்கடை அருகே உள்ள 3 சென்ட் மனையை விற்றுப் படத்தை முடிக்கலாமா? வெளிநாட்டு நிதி வாங்கினால் சிக்கல் வருமா? வங்கியில் 1.5 லட்சம் டெபாசிட் உள்ளது. அதைத் தொட மனம் வரவில்லை. தொண்டு நிறுவனங்கள் கடந்த ஆண்டு எனக்குக் கொடுத்த 3 லட்சத்தில் 30,000 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டன. இரண்டு ஆண்டுகளாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவின் நடுத்தட்டில் நான்கு ஹார்டு டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிய மாதமும் ஆண்டும். அவற்றின் கீழே, மூலை மடிந்த அடகுச் சீட்டு. உங்கள் கேள்விகள் அனைத்துக்குமான விடை அந்தத் தட்டிலேயே இருக்கிறது. மேலே இருப்பது சொத்து, கீழே இருப்பது கடன். சொத்தைக் கைவிடாமல் கடனைத் தீர்க்கும் வழி உங்களுக்கு இருக்கிறது என்பதால் இந்த ஒப்பந்தத்தில் இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவர்கள் தருவது 5 லட்சம் என்றாலும், முடித்த படத்தைத்தான் நீங்கள் ஒப்படைக்க வேண்டும் என்பதால் அதில் 2.6 லட்சம் முடிப்பு வேலைக்கே போய்விடும். நிற்பது 2.4 லட்சம். 8 பவுனை மீட்பதற்கே 3 லட்சம் தேவைப்படும்போது, நான்கு ஆண்டு உழைப்பையும் கொடுத்துவிட்டு நகையையும் மீட்க முடியாத நிலையில் நிற்பீர்கள். அதைவிடக் கவலை தருவது கடைசித் தவணை. பாதித் தொகையான 2.5 லட்சத்தை வெளியீட்டோடு கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெளியீடு எப்போது என்று எந்த இடத்திலும் தேதி இல்லை. அவர்கள் வெளியிடாமலே வைத்திருந்தால், அந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு எந்தப் பிடியும் இருக்காது. படமும் உங்களிடம் இருக்காது.

நம் பக்கத்தில் மனையையும் வீட்டையும் பற்றிப் பேசும்போது கிரயம், ஒத்தி, வாடகை என்று மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. படத்தின் உரிமைக்கும் இதே வேறுபாடு உண்டு. உரிமையை எழுதிக் கொடுப்பது கிரயம். குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கும் உரிமம் தருவது வாடகை. ஒரு வீட்டை ஒருவருக்குத்தான் கிரயம் செய்ய முடியும். ஆனால் படத்தை இந்தியாவில் இணையத் தளத்துக்கு ஒருவருக்கும், வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்கு வேறொருவருக்கும், கல்லூரிகளுக்குத் தனித்தனியாகவும் ஒரே சமயத்தில் வாடகைக்கு விடலாம். அவர்கள் கேட்பது கிரயம். தருவதாகச் சொல்லும் தொகை வாடகை அளவுக்குத்தான் இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அது கருதுகிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில், அது காலாவதியாகிவிடும் என்றும் சொல்கிறது. இந்தப் பாதுகாப்புகளை நீக்குவதற்காகத்தான் 'நிரந்தரம்', 'உலகளாவிய' போன்ற சொற்கள் ஒப்பந்தங்களில் இடம்பெறுகின்றன. ஆகவே நீங்கள் எதிர்மொழிவாகக் கேட்க வேண்டியது: இந்தியாவுக்குள் இணைய ஒளிபரப்பு மட்டும், மூன்று ஆண்டுகள், எடுத்த காட்சிகள் உங்களிடமே இருக்கும், கையெழுத்தின்போது 40 சதவீதம், ஒப்படைக்கும்போது 40 சதவீதம், ஒப்படைத்த 60 நாட்களுக்குள் மீதி, 12 மாதங்களில் வெளியிடாவிட்டால் உரிமம் உங்களிடமே திரும்பும். இவற்றுக்கு ஒத்துக்கொண்டு தொகையை 2.5 லட்சமாகக் குறைத்தாலும் அதுதான் நல்ல வியாபாரம்.

எடுத்த காட்சிகளை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டுகளில் மடை திறந்ததையும், மறுகால் பாய்ந்ததையும், கண்மாய் வறண்டதையும் நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்கள். அவற்றில் படத்தில் இடம்பெறப் போவது ஒன்றரை மணி நேரம்தான். மீதியுள்ளவற்றைத் துண்டுதுண்டாக உரிமம் கொடுத்து ஈட்டும் வருமானம் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. அத்தகைய சொத்து இப்போது ஒரே பீரோவில் ஒரே பிரதியாக இருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. இந்த வாரமே இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க்குகள் வாங்கி, முழுப் பிரதி எடுத்து, உறவினர் ஒருவர் வீட்டில் வையுங்கள். படத்துக்காக நீங்கள் செய்ய வேண்டிய அடுத்த செலவு இதுதான். கலர் கிரேடிங் பிறகு.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. தொண்டு நிறுவனங்களுக்காக நீங்கள் பணம் பெற்று எடுத்துக் கொடுத்த படங்களில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அந்த வேலைகளுக்காக எடுத்த காட்சி ஏதேனும் உங்கள் ஆவணப்படத்தில் இருந்தால் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். அதேபோல், தேநீர்க் கடைக் காட்சியில் வானொலியில் திரைப்பாட்டு ஒலித்தால் அதற்கும் உரிமை வாங்க வேண்டும், அல்லது சவுண்ட் மிக்ஸிங்கில் நீக்க வேண்டும். படத்தின் நாயகரான நீர்பாய்ச்சிப் பெரியவரிடமும், இசையமைத்தவரிடமும், உங்களுடன் கேமரா பிடித்தவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இந்தத் தாள்கள் இல்லாத படத்தை எந்தப் பெரிய நிறுவனமும் வாங்காது.

இனிக் கடன். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1.2 லட்சத்துக்கு மாதம் 4,200 ரூபாய் வட்டி; ஆண்டுக்கு 42 சதவீதம். ஏழு சதவீதம்கூடத் தராத டெபாசிட்டை வைத்துக்கொண்டு இந்த வட்டியைக் கட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் சேர்ப்பதற்குச் சமம். அவசரத்துக்கு என்று வைத்த பணத்தைத் தொட உங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் அவசரம் ஏற்கெனவே வந்துவிட்டது. டெபாசிட்டை முறித்துக் கார்டை முழுவதும் அடையுங்கள். மீதி 30,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

நகைக்கு நீங்கள் கட்டுவது மாதம் 4,500. பொதுத்துறை வங்கிகளில் நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், இதே 3 லட்சத்துக்கு அங்கே மாதம் 2,250 தான் ஆகும். வேறிடத்தில் உள்ள நகைக்கடனை மீட்டுத் தங்களிடம் மாற்றிக்கொள்ளும் வசதியைச் சில வங்கிகள் தருகின்றன. மேலூரிலும் ஒத்தக்கடையிலும் உள்ள கிளைகளில் நேரில் சென்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்தில் 3 லட்சத்துக்கு 8 பவுனும் தேவைப்படாது. ஐந்து பவுனே போதுமானதாக இருக்கலாம். அப்படியானால் மூன்று பவுன் இந்த மாதமே வீட்டுக்கு வந்துவிடும். மனைவி மஞ்சள் கயிற்றோடு பள்ளிக்குப் போவதைக் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். தாலிச் சங்கிலிதான் முதலில் திரும்ப வேண்டும்.

மனையை விற்க வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுகளில் மகளின் கல்லூரிச் செலவு வரும். அப்போது கைகொடுக்க உங்களிடம் வேறு எதுவும் இல்லை. படத்துக்கும் 2.6 லட்சம் ஒரே நாளில் தேவைப்படாது. ரஃப் கட்டை, அதாவது முதற்கட்டத் தொகுப்பை, முடித்து, ஆங்கில சப்டைட்டில் போட்டு, நான்கு நிமிட ட்ரெய்லர் ஒன்றைத் தயாரிக்க, எடிட்டிங்கை நீங்களே செய்வதால், 50,000 அல்லது 60,000 ரூபாய் போதும். நிதி கேட்கவும் விழாக்களுக்கு அனுப்பவும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

அந்தப் பணத்தைச் சேர்க்க, படத்தின் பையும் வீட்டின் பையும் பிரிய வேண்டும். தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கித் தொழில் வரவு அனைத்தையும் அதில் போடுங்கள்; அதிலிருந்து மாதம் 24,000 ரூபாயை உங்களுக்கே சம்பளமாக எடுத்து வீட்டுக்குக் கொடுங்கள். மனைவியின் சம்பளத்தோடு சேர்த்தால் 38,000 சரியாக வந்துவிடும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் பணம் கொட்டினாலும், ஆடியிலும் மார்கழியிலும் ஒரு திருமணமும் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் போகும் தொகை மாறக் கூடாது. நிகர வருமானம் மாதத்துக்குச் சராசரியாக 46,600 என்பதால், சம்பளமும் நகை வட்டியும் போகச் சுமார் 20,000 நிற்கும். அதில் 8,000 நகைக்கடன் அசலுக்கு, 5,000 அவசர நிதிக்கு, 7,000 படத்துக்கு. எட்டு ஒன்பது மாதங்களில் ரஃப் கட்டுக்கான பணம் சேர்ந்துவிடும். முகூர்த்தம் இல்லாத ஆடியையும் மார்கழியையும் எடிட்டிங்குக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். அந்த மாதங்களில் சில்லறை வேலைகளைத் தேடி அலைய வேண்டாம்.

பிடிக்கப்பட்ட 30,000 ரூபாய் உங்கள் பணம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், உங்கள் அளவிலான வருமானத்துக்கு இனிப் பிடிக்கப்படும் டி.டி.எஸ். தொகை முழுவதும் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பிவிடும். விட்டுப்போன இரண்டு ஆண்டுகளுக்குத் தாமதக் கணக்கோ, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனுவோ போட முடியுமா என்று ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள். கணக்கு தாக்கல் செய்வது உங்கள் கடமையும்கூட. நாளை கேமரா வாங்க முத்ரா கடன் கேட்டால் வங்கி முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டாம். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் மட்டும் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைப்பவர்கள் வட்டியோடு தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. என்னிடம் வந்த ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு ஏழு மாதமாக வராத பணம், பில்லில் உத்யம் எண்ணையும் இந்தச் சட்டத்தையும் குறிப்பிட்டு மறுபடி அனுப்பிய பிறகு இரண்டே வாரங்களில் வந்தது.

வெளிநாட்டுப் பணத்தில், நன்கொடையாக வருவதையும் வியாபாரமாக வருவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பு உரிமத்துக்காகத் தரும் முன்பணம், ஒப்பந்தமும் பில்லும் இருந்தால், உங்கள் தொழில் வரவு. ஒன்றும் திருப்பித் தராமல் பெறும் நல்கை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரக்கூடும். நடப்பு விவகார நிகழ்ச்சிகள் தயாரிப்போருக்கு அச்சட்டம் தடையே விதிக்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான இட்ஃபாவின் பெர்தா நிதி ஆசிய நாடுகளின் ஆவணப்படங்களுக்கும் உதவுகிறது என்பதால் நீங்கள் வெளிநாட்டு நிதியை நாட நினைப்பது நியாயமே. ஆனால் பணம் கணக்கில் விழும் முன்பே இச்சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். உள்நாட்டில், பெங்களூருவில் உள்ள இந்தியக் கலை அறக்கட்டளையின் நல்கைகளை முதலில் பாருங்கள்.

படம் முடிந்ததும் யூடியூபில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் ஏற்கெனவே வெளியானதைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட விழா, நம் மதுரையிலேயே 1998 முதல் நடந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழா ஆகியவற்றுக்குப் பிறகு கல்லூரிகளிடம் போங்கள். உங்கள் மனைக்குப் பக்கத்திலேயே யானைமலை அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது; திண்டுக்கல் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது; கண்மாய்ப் புனரமைப்பில் பல ஆண்டுகள் பணியாற்றும் தானம் அறக்கட்டளையும் மதுரையில்தான் இருக்கிறது. நீர்பாய்ச்சி முறையைப் பற்றி ஒரு படம் தேவைப்படும் இடங்கள் இவை. ஒரு கல்லூரிக்கு 5,000 ரூபாய் என்று திரையிடல் உரிமம் வைத்தாலும், அறுபது கல்லூரிகளில் 3 லட்சம் வந்துவிடும். ஓரிரு ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கும் என்றாலும், அத்தனைக்குப் பிறகும் படம் உங்களுடையதாகவே இருக்கும்.

புதிய கணக்குக்கு ஒரு நோட்டுப் போடுவீர்கள் அல்லவா, அதில் கடன் கொடுத்தோர் பட்டியலின் முதல் வரியில் மனைவியின் பெயரையும், 8 பவுன் என்பதையும், அடகு வைத்த தேதியையும் எழுதுங்கள். இந்தப் படத்தின் முதல் தயாரிப்பாளர் அவர்தான். படத்திலிருந்து வரும் எந்த உரிமப் பணமும், கலர் கிரேடிங்குக்குப் போகும் முன் அந்த வரிக்குப் போக வேண்டும். நிறுவனத்துக்கு அனுப்பும் எதிர்மொழிவை அவர் படித்த பிறகு அனுப்புங்கள்.