சட்டம் கேளுங்கள்: இரண்டாம் மேல்முறையீடு எங்கே, எப்போது?

கேள்வி: எங்கள் அனுபவத்தில் உள்ள நிலத்தைக் கேட்டு உறவினர் போட்ட வழக்கை மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அப்பீலில் சார்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. நாங்கள் சென்னைக்குப் போக வேண்டுமா? எத்தனை நாள் கெடு?
- வாசகர், ஆலங்குளம்

பதில்: மதுரைக்குப் போனால் போதும். தென்காசி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு உட்பட்டது. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் இந்தக் கிளை தனி நீதிமன்றம் அல்ல. நீதிபதிகள் சுழற்சி முறையில் வருவார்கள். யார் எந்த வகை வழக்கை விசாரிப்பது என்பதைத் தலைமை நீதிபதி முடிவு செய்வார். கன்னியாகுமரி முதல் கரூர், திருச்சி, தஞ்சாவூர் வரை கிளையின் எல்லை. தஞ்சையை ஒட்டியிருந்தாலும் திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்குத்தான் போகும்.

அப்பீல் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்ட நாள் முதல் நகல் தயாரான நாள் வரை இதில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் போய் வாங்கிய நாள் வரை கழிக்க முடியாது. பலருக்கும் கணக்கு தவறுவது இங்கேதான். மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் எல்லாம் நகலிலேயே குறித்திருக்கும், பாருங்கள். கெடு தாண்டினால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனு போட வேண்டும். அதை ஏற்றால்தான் அப்பீலுக்கு நம்பரே கிடைக்கும்.

அப்பீல் போட்டுவிட்டால் தீர்ப்பு நின்றுவிடாது. தடை உத்தரவு கேட்டுத் தனி மனு அவசியம். அதை விட்டுவிட்டால், எதிர்த்தரப்பு தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனாவோடு நிலத்துக்கு வந்துவிடலாம்.

கேள்வி: மதுரையில் சாட்சிகளை மறுபடி விசாரிப்பார்களா?

பதில்: மாட்டார்கள். ஒரே நீதிபதி, கீழ்க்கோர்ட் ஆவணங்களை வைத்தே விசாரிப்பார். முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது எழுகிறதா என்பதுதான் அங்கே விஷயம். பத்திரத்தில் இருப்பது உங்கள் தாத்தாவின் கையெழுத்தா என்பது சங்கதி, அதாவது நடந்தது என்ன என்பது பற்றிய கேள்வி. அதைப் பொதுவாகத் தொட மாட்டார்கள். பதிவு செய்யாத பத்திரத்தை வைத்து உரிமை கோர முடியுமா என்பது சட்டக் கேள்வி. முக்கியமான சாட்சியத்தைப் பார்க்காமலே சார்பு நீதிமன்றம் முடிவெடுத்திருந்தால் அதையும் எழுப்பலாம். மனுவில் இந்தக் கேள்விகளைத் தெளிவாக எழுத வேண்டும். வலுவான சட்டக் கேள்வி இல்லையென்றால் அப்பீலை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடியாகும். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வுக்கு மேல்முறையீடு கிடையாது; உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம்.