திமிங்கலப் பசிக்குச் சென்னாக்கூனி: கேள்வி பதில்

கவிதா: நீலத் திமிங்கலம் 30 மீட்டர் வரை வளர்கிறது. தின்பதோ கிரில் என்கிற இறால் மாதிரிச் சிற்றுயிர், அதிகம் போனால் சுண்டுவிரல் நீளம். யானைப் பசிக்குச் சோளப்பொரிதானே?

பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால்தான் அந்தப் பழமொழி. மூட்டையோடு வாயில் கவிழ்த்தால்?

கூட்டத்தை நெருங்கியதும் திமிங்கலம் வேகமெடுத்துப் பாய்ந்து வாயைப் பிளக்கும். தாடையிலிருந்து தொப்புள் வரை வரிவரியாக மடிப்புகள் உண்டு. கொசுவம் வைத்த பாவாடை மாதிரி அவை விரிய, கிட்டத்தட்ட தன் உடம்பளவு தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு வாயை மூடி, மேல்தாடையில் தொங்கும் சல்லடைத் தகடுகள் வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளும். கிரில் உள்ளே தங்கிவிடும். நம் நகம் எதனால் ஆனதோ, அந்தத் தகடும் அதனால் ஆனதுதான். பல் கிடையாது.

செந்தில்: ஒரு நாளைக்கு எவ்வளவு சார் சாப்பிடும்?

கலிபோர்னியா பக்கம் உள்ள நீலத் திமிங்கலங்கள் மேயும் காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 16 டன் தின்கின்றன என்று 2021இல் கணக்கிட்டார்கள். அதற்கு முன் நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! ஆனால் இது வருஷம் முழுக்க இல்லை. சில மாதம் விருந்து, மீதி நாள் சேர்த்து வைத்த கொழுப்பு.

ஃபாத்திமா: அப்படியானால் கடலில் எங்கே போனாலும் சாப்பாடு கிடைக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லைம்மா, இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். கடலின் பெரும்பகுதி திமிங்கலத்துக்குப் பொட்டல்காடு. ஆழத்துக் குளிர்நீர் மேலே பொங்கி வரும் இடங்களில் உரச்சத்தும் கூடவே வரும். அங்கே நுண்பாசி பெருகும், அதை மேய கிரில் கூடும். அந்தச் சில இடங்கள்தான் சந்தை.

சந்தைக்குப் போனாலும் கூட்டம் அடர்த்தியாக இருக்க வேண்டும். வாயைப் பிளந்த மறுகணம் தண்ணீரின் எதிர்ப்பு பிரேக் பிடித்த மாதிரி உடம்பை நிறுத்திவிடும். அடுத்த பாய்ச்சலுக்கு மறுபடி முதலிலிருந்து வேகமெடுக்க வேண்டும், அதுவும் மூச்சை அடக்கிக்கொண்டு. அடர்ந்த கூட்டமென்றால் போட்ட சக்தியைப் போல 90 மடங்கு வரை திரும்பக் கிடைக்கும். மெலிந்த கூட்டமென்றால் கைக்காசு நஷ்டம், அதனால் பெரும்பாலும் தொடாமலே போய்விடும்.

பிரபு: சந்தை எங்கே, எப்போது கூடும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

நினைவுதான். 60 நீலத் திமிங்கலங்களைச் செயற்கைக்கோள் கருவி கட்டி 10 ஆண்டு பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக அவை வடக்கே நகர்வது, அந்த வருஷம் பாசி எங்கே பெருகியது என்பதைவிட, பல வருஷச் சராசரியில் எங்கே எப்போது பெருகும் என்பதோடுதான் நன்றாகப் பொருந்தியது. பழைய பஞ்சாங்கத்தை நம்பி ஊர் போகிற ஆள் மாதிரி. கடல் சூடேறிப் பஞ்சாங்கமே பிசகினால் என்ன செய்யும் என்பது என் கவலை.

நிலா (ஏழாம் வகுப்பு): இருட்டில் கண் தெரியுமா?

இன்னொரு இனமான எண்ணெய்த் திமிங்கலத்துக்குக் (ஸ்பெர்ம் வேல்) கண்ணே தேவையில்லை கண்ணு! ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் டிக், டிக் என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டே கணவாயைப் பிடிக்கும். நெருங்க நெருங்க டிக்குகள் நெருக்கமாகி, எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிடும். நீலத் திமிங்கலத்துக்கு இந்த வித்தை கிடையாது.

ரவீந்திரன்: இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலம் வருஷம் முழுக்க இருக்கிறதாமே? குளிர்க்கடலுக்குப் போக வேண்டாமா?

போவதில்லை. வட இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரிலேயே தங்கிவிடும் கூட்டம் அது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003இல் அங்கே திமிங்கலச் சாணத்தைப் பார்த்ததுதான் அவருடைய தேடலுக்குத் தொடக்கம். சாணம் கிடக்கிறதென்றால் பக்கத்தில் சாப்பாடு இருக்க வேண்டுமே!

நானும் இலங்கையின் தென்கரையில் உள்ள மிரிஸ்ஸவில் படகேறியிருக்கிறேன். பாதி நேரம் வாந்தி. மீதி நேரத்தில் நீலத் தண்ணீர்மேல் செங்கல்பொடி கரைத்தாற்போல ஒரு திட்டைப் பார்த்தேன். அதுதான் அந்தச் சாணம். அங்கே அவை கிரிலைவிட ஒருவகைச் சிற்றிறாலைத்தான் விரும்பித் தின்கின்றன என்று பிறகு தெரிந்தது. நம் வீட்டில் வறுத்துப் பொடிக்கிற சென்னாக்கூனிக்கு அது பங்காளி முறை.

மேரி: எங்கள் பாக் விரிகுடா ஆவுளியாவும், அதாவது கடல்பசுவும், இப்படித்தான் அலைகிறதா?

அது கடல்புல் மேய்வது, நாளுக்கு 30, 40 கிலோ. புல் ஓடாது, அதனால் துரத்தல் இல்லை. இழுவை மடி புல்லைச் சுரண்டிவிட்டால்தான் பட்டினி. 2022இல் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரை அதற்குக் காப்பகமாக அறிவித்தது.

பெயர் வேண்டாம் என்றவர்: நீலத் திமிங்கலம் மனுஷனை விழுங்குமா?

வாயில் ஆட்டோவையே நிறுத்தலாம். தொண்டையில் தேங்காய் இறங்குவதே கஷ்டம்.