மகள் எழுதாத கடைசி வரி

மேடம், வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பேனா பிடித்தால் எனக்கு விரல் வலிக்கிறது. வயது 38. சேலம் செவ்வாய்பேட்டையில், வீட்டிலிருந்தே கொலுசு வேலை செய்துவந்தேன். இரண்டு வருடமாக முடக்கு வாதம். மருந்து சாப்பிடுகிறேன். ஆனாலும் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. கோலப்பொடி கிள்ள முடியாமல், வாசல் கோலம் மகள் வேலையாகிவிட்டது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேவலை. அதைப் பார்த்துவிட்டு மாமியார், "வேலை நேரத்துக்கு மட்டும் வலி வருமா? எனக்கும்தான் மூட்டு வலி, நான் என்ன படுத்தா கிடக்கிறேன்?" என்கிறார். வீட்டுக்காரர் எதுவும் பேசுவதில்லை. போன மாதம் ஏற்காடு போனோம். கிளியூர் அருவிக்கு எல்லோரும் இறங்கிப் போக, நான் மேலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். இதை நானே எழுதுகிறேன். சில நாள் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று இருக்கிறது.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கையால் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு எழுதியதை வீட்டில் ஒருவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மகளிடம் வேண்டாம், அவள் சின்னவள். கணவரிடம் சொல்வது நல்லது. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், அருவிக்கு மேலே தனியாக உட்கார்ந்திருந்த அந்த நாளிலிருந்து தொடங்குங்கள். அந்த எண்ணம் அழுத்தும்போது, இரவோ பகலோ, 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், ஒரு நிமிடமும் தனியாக இருக்காமல் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் மாமியார். அவர் தன் வலியை வைத்து உங்கள் வலியை அளக்கிறார் என்று நினைக்கிறேன். வயதானவர்களுக்கு வரும் முட்டித் தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். உங்களுடையது நேர்மாறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்தபின் இறுக்கம் அதிகமாக இருக்கும், அசைய அசையத் தளரும். பத்து மணிக்குத் தேவலையாவது நடிப்பே இல்லை. இந்த நோயின் அடையாளமே அதுதான். அடுத்த முறை டாக்டரிடம் கணவரையும் அழைத்துப் போங்கள், இதை அவர் டாக்டர் வாயால் கேட்கட்டும்.

அங்கே இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மருந்து சாப்பிட்டும் ஒரு மணி நேரம் இறுக்கம் இருந்தால், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வையும் மறைக்காதீர்கள். இந்த வீக்கமே களைப்பையும் சோர்வையும் கொண்டுவரும், சோர்ந்த மனதுக்கு வலி இரண்டு மடங்காகத் தெரியும். அதற்கும் சிகிச்சை உண்டு.

கோலத்தை விட்டுவிடாதீர்கள். விளக்கு வைக்கும் நேரத்திலும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வழக்கம் நம்மிடம் உண்டே. காலைக் கோலம் மகளுடையது, மாலைக் கோலம் உங்களுடையது. கை வராத நாளில் நாலு புள்ளி போதும்.

அடுத்த கடிதத்தையும் மகளிடம் சொல்லியே எழுதுங்கள். கணவரிடம் பேசினீர்களா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், காத்திருப்பேன்.