வாசகர் கேள்வி: இரண்டு வாரத்தில் வெளுத்த முகம்

கேள்வி: எனக்கு வயது 26. ஆவணியில் திருமணம். “கொஞ்சம் நிறமெடுத்தால் நல்லம்” என்று மாமி, கடையொன்றில் கலந்து விற்கும் கிறீம் டப்பா ஒன்றை வாங்கித் தந்தார். முன்கையில் பூசி ஒரு நாள் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. பிறகு இரவுதோறும் முகத்துக்குப் பூசினேன். இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தது. இரண்டு மாதம் கழித்து நான்கு நாள் பூசாமல் விட்டபோது கன்னங்கள் சிவந்து எரிந்து, சிறு பருக்கள் எழும்பின. திரும்பப் பூசியதும் அடங்கின. கிறீம் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்றுதானே பொருள்? அக்காவின் 8 மாதக் குழந்தை என்னோடுதான் உறங்குவதால் வாசனை குறைந்த கிறீம்தான் பூசுகிறேன். தொடரலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தொடர வேண்டாம், தங்கச்சி. நீங்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. விட்டவுடன் எரிந்து, பூசியவுடன் அடங்குவது, கிறீமுக்குள் கிளோபெட்டசோல், பெற்றாமெதசோன் போன்ற வீரியமான ஸ்டெரொயிட் கலந்திருக்கும்போது பெரும்பாலும் காணப்படுவது. இவை சில தோல் நோய்களுக்கு வைத்தியர் குறித்த நாட்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்துகள். மாதக்கணக்காக முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிந்து, கன்னத்தில் முடி வளரவும் கூடும்.

முன்கையில் பூசிப் பார்க்கும் சோதனை ஒவ்வாமையைத்தான் ஓரளவு காட்டும். ஸ்டெரொயிட்டையோ, இத்தகைய வெளுப்புக் கிறீம்களில் கலக்கப்படும் பாதரசத்தையோ அது காட்டிக்கொடுக்காது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் விரைவில் வெளுக்கிறது, ஆனால் அதே பாதரசம் தோல்வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீர் நுரைத்துப் போதல், கால் வீக்கம், கைநடுக்கம், தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதும் உங்களுக்கு இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கருவுற்ற பின் அது வயிற்றுப் பிள்ளையையும் சென்றடையும் என்பதால், திருமணத்துக்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட, இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை, அழகுசாதனத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்றிருந்த வரம்பையும் விட்டு, 2025க்குள் பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் நிறுத்த வேண்டுமென 2023இல் முடிவெடுத்தது.

டப்பாவைக் கையிலெடுத்துப் பாருங்கள். சேர்மானங்களின் பட்டியலும், தயாரித்தவரின் முகவரியும், தொகுதி இலக்கமும், முடிவுத் திகதியும் இல்லாத எதையும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்பதே என் எண்ணம். பட்டியலில் கலோமெல், மெர்க்கியூரஸ் குளோரைட் என்ற பெயர்கள் இருந்தாலும், தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தாலும், அது பாதரசமாக இருக்கலாம். வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாவதும் ஓர் அறிகுறிதான், ஆனால் நிறம் மாறவில்லை என்பதை வைத்துப் பாதுகாப்பானது என்று முடிவெடுக்க முடியாது.

இந்த வாரமே டப்பாவோடு ஆதார வைத்தியசாலைக்குச் சென்று, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். எரிச்சல் மீண்டும் வரலாம். அதற்குப் பயந்து பழைய கிறீமைத் திரும்ப எடுக்காமல், அதை அடக்கப் பாதுகாப்பான மருந்தை வைத்தியரிடமே பெறுங்கள். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போவதும் வேண்டாம், தோல் பொசுங்கிக் கறுக்கும். உங்கள் தோலின் நிறம் நோயல்ல. முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு இருந்தால் மாத்திரம் அசெலாயிக் அமிலம் போன்றவற்றை நிபுணர் தருவார். நம்முடைய கடற்கரை வெயிலுக்குக் குடையும், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் கிறீமும் போதும்.

பக்கத்தில் உறங்கும் குழந்தையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கோ அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. கிறீமில் பாதரசம் இருந்தால் அது உங்கள் கன்னத்திலிருந்து தலையணைக்கும், துவாய்க்கும், குழந்தையின் கைக்கும் போகும். தலையணை உறையையும் துவாயையும் தனியாகத் துவையுங்கள். உங்களுக்குச் சோதனையில் பாதரசம் இருப்பது தெரிந்தால், குழந்தைக்கும் சிறுநீர்ச் சோதனை செய்யும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்.