வீட்டிலேயே பயிரிட்டு, அவசர காலத்தில் கடையை நம்பாமல் ஒரு குடும்பம் சமாளிக்க முடியுமா?

காய்கறிக்குக் கடையை நம்பாமல் இருக்கலாம். வயிறு நிறைவதற்கு முடியாது. இந்த இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் தொட்டி வாங்கக் கிளம்புகிறார்கள். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள் என்று கேள்வியைப் படித்தாலே தெரிகிறது. மொட்டைமாடியோ, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண்ணோ இருக்கும். எதையோ செய்தியில் பார்த்து ஒரு பயம் வந்திருக்கும். வீட்டில் ஒருவர் "வேலை மெனக்கெட்ட வேலை" என்று முகம் சுளித்திருப்பார். தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பெரியவருக்கு நாளைக்கு ஏறக்குறைய 2,000 கலோரி வேண்டும். 100 கிராம் தக்காளியில் இருப்பது 18 கலோரி, கீரையில் 23. தக்காளியை மட்டும் வைத்து ஒரு நாளை ஓட்டப் பார்த்தால் 11 கிலோ தின்ன வேண்டும். சரி, உருளைக்கிழங்கு? 100 கிராமில் 77 கலோரி. ஒரே ஆளுக்கு வருடம் முழுவதற்கும் சுமார் 950 கிலோ ஆகிறது. சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ கிடைத்தாலும் 300 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வேண்டும். இது ஒருவருக்கு மட்டும். நாலு பேர் குடும்பத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உடனே ஒருவர் வந்து "போர்க்காலத்தில் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போட்டே சாப்பிட்டார்களே" என்பார். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே வெற்றித் தோட்டம் என்று பெயரிட்டு மக்கள் போட்ட வீட்டுத் தோட்டங்கள் சுமார் 2 கோடி இருந்தன, நாட்டின் காய்கறியில் 40 சதவீதம் வரை அவற்றிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது காய்கறிக் கணக்கு. ரொட்டிக்கான கோதுமை பெரிய வயல்களில்தான் விளைந்தது.

நான் தோட்டத்துக்கு எதிரி இல்லை, பல வருடமாக மாடியில் பயிர் வைத்திருப்பவன். ஒரு புயலில் எங்கள் பகுதியில் மின்சாரம் போய், சாலையும் துண்டிக்கப்பட்டது. அப்போது என் தக்காளி பச்சைக் காயாக நின்றது. கத்தரி பூவில் இருந்தது. பூசணிக்கொடியைக் காற்று கொண்டுபோய்விட்டது. நம் அறுவடை நாளைப் பார்த்தா ஆபத்து வரும்? எங்களைக் காப்பாற்றியது சமையலறை அலமாரியில் இருந்த அரிசியும் பருப்பும் எண்ணெயும்தான்.

அதற்காகத் தோட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பத் தின்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தபோது, முளைக்கீரையும் பச்சை மிளகாயும் சர்க்கரைவள்ளியின் இளம் இலையும்தான் அவர்களை மறுபடி உட்கார வைத்தன. சர்க்கரைவள்ளியை நான் விடாமல் பரிந்துரைப்பது அதனால்தான். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், இலையையும் சமைக்கலாம், கொடியை வெட்டி நட்டால் அடுத்த பயிர், விதைக்கு அலைய வேண்டாம். என் தொட்டிகளைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டாரும் அந்த வாரம் கீரை வாங்கிப் போனார்கள். கொடுத்தேன். கொஞ்சம் கர்வமாகத்தான் கொடுத்தேன்.

திண்டாடியது தண்ணீருக்குத்தான். மோட்டார் ஓடவில்லை. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்தி தினமும் 4, 5 லிட்டர் குடிக்கும். குடிக்க வைத்திருந்ததைச் செடிக்கு ஊற்ற முடியுமா? அரிசி கழுவிய நீரைக் கீரைக்கு மட்டும் ஊற்றினோம், மற்றவற்றைக் கைவிட்டோம். அவசர காலத்துக்குத் தோட்டம் என்று யோசிப்பவர் முதலில் மழைநீர் பிடிக்கும் டிரம்மைத்தான் வாங்க வேண்டும்.

டிரம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குடியிருப்பு சங்கத்தில் என் டிரம்மால் கொசு வருகிறது என்று ஒரு கூட்டமே போட்டார்கள். அதற்கு நான் வலை கட்டி மூடி போட்டிருந்தேன்.   

ஆனால் மாடியின் பாரத்தைப் பற்றி அவர்கள் கேட்டிருந்தால் நியாயம் என்றிருப்பேன். ஈரமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். தேங்காய்நார்க் கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை குறையும். தொட்டிகளை நடுவில் குவிக்காமல் சுவரோரம், தூண் இருக்கும் பக்கம் வைப்பது நல்லது. பழைய கட்டடம் என்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விதை விஷயத்தில் தற்சார்பு என்று பேசிவிட்டு எஃப்1 வீரிய ஒட்டு விதை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை, வாங்காதீர்கள். அதிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், நாட்டு ரகமாக இருந்தால் விதை எடுப்பது சுலபம். பூசணி, சுரை வகைகள் அப்படியில்லை. தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். சேமித்த விதையில் வந்த சுரைக்காயோ சீமைச் சுரைக்காயோ நாக்கில் கசந்தால் சமைக்காமல் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

மண்ணே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முழுப் பயறு கொஞ்சம் இருந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் முளைகட்டிவிடும். உலர்ந்த பயறில் பேருக்குக்கூட இல்லாத வைட்டமின் சி முளையில் வருகிறது. பச்சையாகத் தின்பதைவிட வேகவைப்பது பாதுகாப்பு, முளைகட்டும் அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடிக்கும்.

ஆகவே இரண்டு, மூன்று வாரத் தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு, குடிநீர், அடுப்புக்கு எரிபொருள் ஆகியவற்றை முதலில் சேருங்கள். தோட்டம் அதற்கு அப்புறம். உங்கள் இடத்தின் அளவையும் தினமும் எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்பதையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் தக்காளியை மறந்துவிட்டுக் கீரையிலிருந்து பேசலாம்.